சாவி யாரிடம் இருக்கிறது?

ஸ்கேன் இயந்திரத்தை இரவில் பூட்டி வைக்கிற ஆஸ்பத்திரிகளைப் பற்றி என் மனசில் வெகு நாளாகச் சேர்ந்திருக்கிற ஆதங்கத்தை இன்றைக்கு எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். நடுநிசியில், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, வெளியே இரண்டொரு சிராய்ப்பைத் தவிர வேறு காயம் தெரியாமல், ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் வெளுத்து, கை கால் ஜில்லிட்டு, நாடி தறிகெட்டு ஓடுகிற ஒரு வாலிபனைக் கட்டிலில் கிடத்தி, அவன் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு விடை தேடி, "ஸ்கேன் மிஷின் எங்கே?" என்று கேட்கிற டாக்டருக்கு, "ஸ்கேன் ரூம்ல இருக்கு சார், சாவியை மேடம் வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று பதில் வந்தால் அவருடைய நெஞ்சம் என்ன பாடுபடும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். சமீபத்தில் அப்படியொரு பதிலை நானே கேட்க நேர்ந்தது. (எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், ஓர் இடத்தைச் சுட்டிக் குறை கூறுவது என் நோக்கமன்று.)

சாவி வந்தது. பையனும் பிழைத்தான்.

ஆனாலும் காத்திருந்த அந்தச் சிறிது நேரம் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில், 'கேஷுவால்டி'யில் நாங்கள் பார்க்கிற ஸ்கேன் வேறு, ஸ்கேன் ரூமில் பார்க்கிற ஸ்கேன் வேறு என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெறும் வயிற்றோடு வந்து, தண்ணீர் குடித்து, மூத்திரப்பை நிறையும் வரையில் பெஞ்சில் காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால், அந்தச் சாஸ்திரத்தையே ஆயுள் முழுவதும் பயின்ற நிபுணர் ஒருவர் கல்லீரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல் என்று ஒவ்வோர் அவயவமாக அளந்து, இரண்டு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதித் தருகிறாரே, அது பூரணமான பரிசோதனை. அதற்கு நாங்கள் போட்டியில்லை. போட்டி போடவும் எங்களால் முடியாது. எங்களுடையது ஒற்றைக் கேள்வி. வயிற்றுக்குள் ரத்தம் இருக்கிறதா? இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறதா? இதயம் பலமாகச் சுருங்குகிறதா, சோர்ந்துவிட்டதா? நுரையீரல் விலாவோடு சேர்ந்து அசைகிறதா? உண்டு அல்லது இல்லை என்ற விடை கிடைத்த மறுகணமே சிகிச்சையின் திசை மாறுகிறது. கேள்வியைக் கேட்பவர், விடையைக் காண்பவர், அதன்படி கையை நீட்டிச் செயல்படுபவர் ஆகிய மூவரும் ஒரே ஆள். அவர் நோயாளியின் பக்கத்தை விட்டு ஓர் அடியும் நகரவில்லை. இந்த முறையின் விசேஷம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

விபத்தில் அடிபட்டவர்களுக்கு நாங்கள் செய்கிற பரீட்சைக்கு 'ஃபாஸ்ட்' என்று பெயர். ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியில், சர்ஜன்கள் வெகு காலமாகக் கையாண்டு வந்ததை, 1990களில் அமெரிக்க சர்ஜன் கிரேஸ் ரோசிக்கி முதலியவர்கள் ஒழுங்குபடுத்திப் பரப்பினார்கள். அதன் தத்துவம் குழந்தைக்கும் விளங்கும். மல்லாந்து படுத்திருக்கிற மனிதனின் வயிற்றில் ரத்தம் கசிந்தால் அது எங்கே போய்த் தேங்கும்? பள்ளத்தில். வலது பக்கம் கல்லீரலுக்கும் கிட்னிக்கும் நடுவே ஒரு பள்ளம். ரூதர்ஃபோர்டு மாரிசன் என்ற ஆங்கில சர்ஜனின் பெயரால் அதை 'மாரிசன் பை' என்கிறோம். இடது பக்கம் மண்ணீரலைச் சுற்றி ஒன்று. அடிவயிற்றில் மூத்திரப்பைக்குப் பின்னால் ஒன்று. நான்காவதாக, மார்பெலும்பின் கீழ் நுனியிலிருந்து மேல்நோக்கி, இதயத்தின் உறை. ஆரோக்கியமாக இருக்கிறவனுக்குக் கல்லீரலும் கிட்னியும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு, நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். ரத்தம் வந்து புகுந்துவிட்டால் அந்தக் கோடு பிளந்து கறுப்புப் பட்டையாகிறது. நாடி ஓடி, பி.பி. இறங்கி, அந்தக் கறுப்புப் பட்டையும் தெரிந்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்க என்ன இருக்கிறது? சி.டி. ஸ்கேனுக்காக நீண்ட வராந்தாவில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகாமல், நேரே ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியதுதான்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது, கற்றுக்கொள்ளும்போது அப்படியில்லை. ஆரம்பத்தில் எனக்குத் திரையில் தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம். விலா எலும்பின் நிழல் வந்து பாதிப் படத்தை மறைத்துவிடும், உடம்பின் மேல் வைக்கிற புரோபைச் சற்றே சாய்த்து, இரண்டு விலாக்களுக்கு நடுவே இருக்கிற சந்தில் படுக்கவைத்தால் நிழல் விலகும் என்பதைக் கைதான் கற்றுக்கொண்டது, புத்தகம் கற்றுத்தரவில்லை. இடது பக்கம் இன்னும் கஷ்டம். மண்ணீரல் நாம் நினைக்கிற இடத்தைவிட மேலேயும் பின்னாலேயும் ஒளிந்திருக்கும். ஆகையால் புரோப் பிடித்த கையின் முட்டி கட்டில் விரிப்பைத் தொடுகிற அளவுக்குப் பின்னால் போக வேண்டும். மாரிசன் பையை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், கல்லீரலின் கீழ் நுனி வரையில் இறங்கிப் பார்க்க வேண்டும். கொஞ்சமாக இருக்கிற ரத்தம் முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும். மூத்திரக் குழாய் போடுவதற்கு முன்னால் அடிவயிற்றைப் பார்த்துவிட வேண்டும். பை காலியான பிறகு பார்த்தால் ஒலி உள்ளே நுழைய வழி இல்லாமல் போகிறது. ஜெல்லியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. (எங்கள் சிஸ்டர்கள் எப்போதும் ஒரு பாட்டிலை மேல்பையில் வைத்திருப்பார்கள், அந்தப் புண்ணியவதிகளுக்கு என் வந்தனம்.)

இந்தக் கருவியின் பூர்வகதையைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்ட சிறுவனுக்கு அவன் குரல் திரும்பி வருவதைப் போல, காதுக்கு எட்டாத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, அது எந்தெந்த ஆழத்திலிருந்து எவ்வளவு பலத்தோடு திரும்புகிறது என்பதைக் கணித்துப் படமாக்குகிறது இது. மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். வயிற்றைப் பார்க்கிற புரோப் அனுப்புவதோ 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் அதிர்வு. திரவத்திலிருந்து எதிரொலி திரும்புவதில்லை; அதனால்தான் ரத்தம் கறுப்பு. அழுத்தினால் மின்சாரம் பிறக்கிற படிகங்களின் குணத்தை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். முதல் உலக மகாயுத்தத்தில் லாஞ்சவேன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அந்தக் குணத்தைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைத் தேடினார். கப்பல் கட்டுகிற கிளாஸ்கோ நகரத்தில் இயன் டொனால்டு என்ற பிரசவ மருத்துவர், தொழிற்சாலையில் உலோகத்தின் விரிசலைக் கண்டுபிடிக்க வைத்திருந்த கருவியைக் கடன் வாங்கிப் பெண்களின் வயிற்றுக் கட்டிகளைப் பரிசோதித்து, 1958-இல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். அலமாரி அளவு இருந்த இயந்திரத்தை யுத்தகளத்துக்குத் தூக்கிப் போகத் தக்கதாகச் சுருக்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் ஆசைப்பட்டதன் பலனாக 1999-இல் கையில் தூக்குகிற ஸ்கேன் சந்தைக்கு வந்தது. இப்போது டெலிபோனில் செருகிக்கொள்கிற புரோபே வந்துவிட்டது. அழிப்பதற்கென்று பிறந்த ஆராய்ச்சி, உயிரைக் காப்பதற்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நுரையீரல் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிரியமான விஷயம்.

"காற்று ஒலியைக் கடத்தாது, ஆகவே நுரையீரலை ஸ்கேனில் பார்க்க இயலாது" என்பது வெகு காலம் வரையில் வைத்திய நூல்களில் அசைக்க முடியாத சித்தாந்தமாக இருந்தது. டானியல் லிக்டென்ஸ்டீன் என்ற பிரெஞ்சு மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளின் பக்கத்திலேயே நின்று நின்று பார்த்து, படம் தெரியாவிட்டால் என்ன, படத்துக்குப் பதிலாகத் தெரிகிற பொய்த் தோற்றங்களே நமக்குச் செய்தி சொல்லுகின்றனவே என்று உணர்ந்தார். மூச்சு விடும்போது நுரையீரலின் உறை விலாவின் உட்புறத்தில் வழுக்கிச் செல்வது திரையில் பளபளவென்று தெரியும். அந்த வழுக்கல் தெரிகிற இடத்தில் நுரையீரலுக்கு வெளியே காற்று சேரவில்லை என்று நிச்சயம். உறையிலிருந்து திரையின் அடி வரையில் வெள்ளைக் கோடுகள் இறங்கி, மூச்சோடு சேர்ந்து ஆடினால், பெரும்பாலும் அங்கே நீர் கோத்திருக்கிறது. 'பி' கோடுகள் என்று இவற்றுக்குப் பெயர். மூச்சுத் திணறலோடு வருகிறவர்களை இந்த அடையாளங்களைக் கொண்டு பிரித்தறிகிற 'புளூ' முறையை அவர் 2008-இல் வெளியிட்டார்.

இதன் அருமை விடியற்காலை மூன்று மணிக்குத் தெரியும். பீடி குடித்துப் பழகிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்த நிலையில் இளைக்க இளைக்க வருகிறார்; "எப்பவும் வர்ற இழுப்புதான் தம்பி, ஊசி போட்டா சரியாயிடும்" என்கிறாள் உடன் வந்த மனைவி. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் 'வீஸ்' கேட்கிறது. அது ஆஸ்துமாவின் இழுப்பாக இருக்கலாம். இதயம் களைத்து, நுரையீரலில் நீர் ஏறியதால் வந்த இழுப்பாகவும் இருக்கலாம். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சிகிச்சையோ முற்றிலும் வேறு. புரோபை மார்பின் இரண்டு பக்கமும் வைத்ததும் வெள்ளைக் கோடுகள் அடர்ந்து இறங்குகின்றன. இதயத்தின் மேல் வைத்தால் அது சுருங்குவதே தெரியாமல் மந்தமாக அசைகிறது. நெபுலைசரை நம்பிக் காத்திருக்காமல், நீர் பிரிவதற்கு ஊசியும், நைட்ரோகிளிசரின் டிரிப்ஸும், முகமூடி வழியாக அழுத்திக் கொடுக்கிற காற்றும் உடனே ஆரம்பமாகின்றன. "டி.வி.யில ஆடுதே, அதுதான் அவரு நெஞ்சாய்யா?" என்று அந்தம்மாள் கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். அவள் இமை கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் விளங்காத வியாதியை அன்று அந்தம்மாள் பிரத்தியட்சமாகக் கண்டாள். அதற்குப் பிறகு மாத்திரை தவறாமல் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னதை எவ்வளவு சிரத்தையோடு கேட்டாள்!

நம் ஊருக்கென்றே இருக்கிற சில வியாதிகளில் இதன் உபயோகம் இன்னும் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்கு வருகிறது. ஜனங்கள் எல்லாரும் 'பிளேட்லெட் எவ்வளவு?' என்ற எண்ணிக்கையிலேயே கண்ணாக இருக்கிறார்கள். ஆபத்து பெரும்பாலும் அதில் இல்லை. காய்ச்சல் இறங்குகிற சமயத்தில், 'அப்பாடா, விட்டுவிட்டது' என்று வீட்டார் மூச்சு விடுகிற அதே சமயத்தில், ரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து வெளியேறுவதுதான் குழந்தையை அதிர்ச்சி நிலைக்குக் கொண்டுபோகிறது. நுரையீரலின் அடியில் நீர் சேர்வதையும், பித்தப்பையின் சுவர் தடித்திருப்பதையும் கட்டிலருகே கண்டுவிட்டால் அந்தக் கசிவு ஆரம்பமாகிவிட்டது என்று எச்சரிக்கையாகலாம். தேள் கொட்டிய குழந்தையிடமும் இப்படித்தான். விஷம் இதயத்தைத் தளர்த்தியிருக்கிற போது, பி.பி. குறைவு என்று டிரிப்ஸை ஓடவிட்டால் நுரையீரல் நீரில் மூழ்கிவிடும். உள்ளே ரத்தம் போதவில்லையா, இதயத்தின் பலம் போதவில்லையா என்ற நிர்ணயம் அங்கே பிராண சம்பந்தமானது.

இவ்வளவு சொன்னதால் இது சர்வரோக நிவாரணி என்று எண்ணிவிட வேண்டாம். கறுப்புப் பட்டை ரத்தமா, கல்லீரல் வியாதிக்காரரின் மகோதர நீரா என்று ஸ்கேன் சொல்லாது. உறைந்துபோன ரத்தம் கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறமாகித் திசுவோடு கலந்து கண்ணை ஏமாற்றும். முதுகெலும்புப் பக்கம், இடுப்பெலும்பு முறிவைச் சுற்றி ஒழுகுகிற ரத்தம் அநேகமாக அகப்படாது. ஆகையால் 'இல்லை' என்று தெரிந்ததும் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது மகா அபாயம். மறுபடி பார்க்க வேண்டும், சந்தேகம் தீராவிட்டால் சி.டி. எடுக்க வேண்டும்.

இதயம் நின்றுபோனவரிடம் இன்னொரு எச்சரிக்கை உண்டு. மார்பை அழுத்துவதை நிறுத்திவிட்டுத் திரையில் கண்ணைப் பதித்தால் நேரம் போவது தெரியாது. நாடி பார்க்க அனுமதித்த பத்து விநாடிக்கு மேல் ஒரு கணமும் கையை எடுக்கக் கூடாது. படத்தைப் பதிவு செய்துகொண்டு, அழுத்துவதைத் தொடரச் சொல்லிவிட்டு, பிறகு பார்க்கிற வழக்கத்தை நான் எல்லா இளம் டாக்டர்களிடமும் வற்புறுத்திச் சொல்லுகிறேன்.

இனி பூட்டைப் பற்றி.

இயந்திரத்தை ஏன் பூட்டுகிறார்கள் என்று கேட்டால், 'சட்டம்' என்று ஒரே வார்த்தையில் பதில் வருகிறது. அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. சேலம், தர்மபுரி, உசிலம்பட்டி வட்டாரங்களில் பெண் சிசுக்களுக்கு நேர்ந்த கதியை இந்தத் தலைமுறை மறந்திருக்கலாம். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏற்பட வேண்டிய அவசியம் இருந்த மாநிலம் இது. பிறந்த பிறகு செய்த பாதகத்தைப் பிறப்பதற்கு முன்பே செய்ய இதே ஸ்கேன் உதவியது என்பது இந்தக் கருவியின் சரித்திரத்தில் அழியாத கறை. கருவின் பாலினத்தைக் கண்டு சொல்வதைக் குற்றமாக்கிய 1994-ஆம் வருஷத்துச் சட்டம் இல்லாதிருந்தால் எத்தனை பெண்கள் பிறக்காமலே போயிருப்பார்கள்! அதன் ஒரு வரியையும் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் பூட்டச் சொன்னது சட்டமா என்று பார்த்தால், இல்லை. இயந்திரத்தைப் பதிவு செய் என்கிறது. அதை இயக்குகிறவர் தகுதியும் பதிவும் உடையவராக இருக்கட்டும் என்கிறது. கர்ப்பிணிக்குப் பார்த்தால் அதற்குரிய படிவத்தை நிரப்பு என்கிறது. எளிதில் தூக்கிப் போகக்கூடிய இயந்திரங்களுக்கு 2012-இல் விசேஷக் கட்டுப்பாடு வந்தபோதுகூட, பதிவு பெற்ற கட்டடத்துக்குள், உள்நோயாளிகளுக்குப் பயன்படுத்த இடம் வைத்தே விதி செய்தார்கள். பூட்டுவது பயம். ஆய்வுக்கு வருகிற அதிகாரி ஏதாவது கேட்டுவிடுவாரோ, படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் இயந்திரத்தையே சீல் வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், நியாயமாகத் தொழில் செய்கிற ஆஸ்பத்திரிகளும் சாவியை ஒரே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கின்றன. அந்த ஒருவருக்கும் இரவில் வீடு உண்டல்லவா?

2009-இல் அவசர சிகிச்சை நம் நாட்டில் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது. அதைப் படித்து வருகிற பிள்ளைகள் புரோப் பிடிக்கப் பழகித்தான் வருகிறார்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பணமும் ஆளும் வந்துவிட்ட பிறகு பூட்டு மட்டும் நிற்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை வதைக்கிற விஷயம் ஒன்று உண்டு. திடீரென்று மயங்கி விழுந்தாள் என்று இருபத்துச் சொச்சம் வயதுள்ள ஒரு பெண்ணைக் கொண்டு வருகிறார்கள். முகம் காகிதமாய் வெளுத்திருக்கிறது. வயிற்றில் கை வைத்தால் துடிக்கிறாள். நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற மாமியாரைப் பார்த்துவிட்டு மௌனமாகிறாள். கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் நிரம்பிக்கொண்டிருக்கலாம். மாரிசன் பையில் கறுப்புப் பட்டை தெரிந்து, மூத்திரப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியானால், மகப்பேறு டாக்டரை அந்த நிமிஷமே எழுப்பி ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்துவிடலாம். ரத்தத்துக்கும் சொல்லி அனுப்பிவிடலாம். பெண்ணைக் காப்பதற்கென்று பிறந்த சட்டத்தின் பெயரால் பூட்டிய கதவு, அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்கு எதிரே நிற்கிறது.

ஆகையால் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். கேஷுவால்டியின் பெயரையும் சேர்த்து இயந்திரத்தைப் பதிவு செய்யுங்கள். அங்கே இரவு டூட்டி பார்க்கிறவர்களில் ஒருவராவது பதிவு பெற்றவராக இருக்கும்படி முறை போடுங்கள். சக்கரம் வைத்த வண்டியில், சார்ஜ் ஏற்றி, கட்டில்களுக்கு நடுவே நிறுத்துங்கள். யார், யாருக்கு, எதற்காக, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு நோட்டும், கர்ப்பிணிகளுக்கு உரிய ஃபார்ம் எஃப் கட்டு ஒன்றும் வண்டியின் கீழ்த்தட்டிலேயே இருக்கட்டும். பெண்ணைத் தியேட்டருக்கு அனுப்பிய கையோடு அந்தப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.